நர்சம்மா மேல் ஒரு கண்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் சின்னவளும் உடம்பு நோகாமல் இருக்கவேண்டும். இங்கே நான் சௌக்கியம், அம்மா எப்படி என்பது உனக்கே தெரியும், அந்த வரியை வழக்கம்போல் எழுத எனக்குக் கை வரவில்லை. வலி மட்டும் அடங்கியிருக்கிறது. முன்போல் முனகுவதில்லை, ஜன்னலைத் திறந்துவைக்கச் சொல்லி, கீழே தெருவில் யார் யாரோடு சண்டை போடுகிறார்கள் என்று என்னை எட்டிப் பார்த்துச் சொல்லச் சொல்கிறாள். எல்லாம் அந்த நர்சம்மா வந்த பிறகுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அந்தப் பெண் மேல் எனக்கு முதல் நாளிலிருந்தே சந்தேகம். போனில் சொன்னால் இந்தச் சின்ன வீட்டில் அம்மா காதில் விழும் என்பதால் எழுதுகிறேன்.

இனி வைத்தியம் செய்து பயனில்லை, வீட்டிலேயே வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்ட பிறகு நீதானே அந்த வலி நிவாரண மையத்தில் பேசி ஆள் வர ஏற்பாடு செய்தாய். வந்தவள் காசு வேண்டாம் என்றாள், டீயும் வேண்டாம் என்றாள். பஸ்ஸில் டிக்கெட் பரிசோதித்தே தலை நரைத்தவன் நான், ஒன்றும் வேண்டாம் என்று சிரிக்கிற முகத்தைத்தான் முதலில் சோதிப்பேன். குளுக்கோஸ் ஏற்றவில்லை, கட்டாயப்படுத்தி ஊட்டாதீங்க ஐயா, அவங்க கேக்குறதக் குடுத்தா போதும் என்கிறாள். இவள் வைத்தியம் பார்க்க வந்தாளா, வேடிக்கை பார்க்க வந்தாளா என்று நினைத்தேன். மருந்தைக் கொடுத்து, முதுகில் புண் வராமல் திருப்பிப் படுக்கவைத்ததும் கதவைச் சாத்திக்கொண்டு அம்மாவோடு ஒரே குசுகுசு. நான் உள்ளே போனால் இரண்டு பேரும் கப்சிப். அம்மாவின் வளையல் இருக்கிறதா என்று பீரோவைத் திறந்து பார்த்தேன், இருந்தது, அது சந்தேகத்தை இன்னும் கூட்டிவிட்டது.

அப்புறம் சமையலறையில் சாமான்கள் இடம் மாறின. மேல்தட்டில் இருந்த அரிசி டப்பா கைக்கு எட்டுகிற உயரத்துக்கு இறங்கியது, உப்பும் தேயிலையும் கண்ணாடி பாட்டிலில் ஏறி அடுப்புக்குப் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தன. யார் கேட்டது இதை. போதாததற்கு, ஐயா அரிசியக் களைஞ்சு போடுங்க, ஐயா இந்தப் போர்வைய இப்படி மடிங்க என்று எனக்கே வேலை வைத்தாள். தன் வேலையை நைசாக என் தலையில் கட்டுகிறாள், மையத்துக்குப் போன் போட்டு ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்றுகூட இருந்தேன்.

அதற்குள் கையும் களவுமாகப் பிடிக்கலாமே என்று முந்தாநாள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கதவோரம் போய் நின்றேன். உள்ளே அம்மா பேசிக்கொண்டிருந்தாள். அவருக்குச் சுடுதண்ணி வைக்கக்கூடத் தெரியாதும்மா, இப்ப கஞ்சி வரைக்கும் வந்துட்டாரு, உப்பு மட்டும் சரியாப் போடப் பழகிட்டா எனக்கு நிம்மதி, நான் கிளம்பிடுவேன் என்றாள். உங்க மாணவர் கொஞ்சம் மந்தம்மா, இன்னும் நாளாகும் என்றாள் நர்சம்மா. இரண்டு பேரும் சிரித்தார்கள். டப்பாக்களை இடம் மாற்றியது அவள் யோசனை இல்லை, படுத்த படுக்கையாக இருந்துகொண்டே உன் அம்மா அவளை வைத்து மாற்றியிருக்கிறாள். நான் கதவுக்கு வெளியே, டிக்கெட் இல்லாமல் மாட்டிக்கொண்டவன்போல நின்றேன். தினமும் போனில், அப்பா இன்னைக்கு என்ன சமைச்சீங்க என்று நீ கேட்பது எதற்கென்றும் அப்போதுதான் உறைத்தது. நீயும் இதற்கு உடந்தை.

நேற்றுக் கஞ்சி சரியாக வந்துவிட்டது. ருசி பார்த்தேன், உப்பு கச்சிதம். உப்பு சரியானால் கிளம்பிடுவேன் என்று அம்மா சொன்னது ஞாபகம் வந்தது மகளே. உடனே இன்னொரு கை உப்பை அள்ளிப் போட்டேன். திரும்பினால் துண்டும் கையுமாக நர்சம்மா சமையலறை வாசலில் நிற்கிறாள், எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள். போய் ஒப்பிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். அம்மா ஒரு வாய் வாங்கி முகத்தைச் சுளித்து, இன்னைக்கும் அள்ளிக் கொட்டியிருக்காரு என்றாள். ஆமாம்மா, இன்னும் தேறல என்றாள் அந்தப் பெண், என் பக்கமே திரும்பாமல். வேலை முடிந்ததும், ஐயா ஒரு டீ கிடைக்குமா என்று அவளாகவே கேட்டாள். போட்டுக்கொடுத்தேன். குடித்துவிட்டு, மகளை வரச் சொல்லுங்க ஐயா, தள்ளிப்போடாதீங்க என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். அவளை இனி நான் சோதிக்கப்போவதில்லை.

நீங்கள் மூவரும் ஒரு குறையும் இல்லாமல் நீடூழி வாழவேண்டும். சின்னவளுக்கு என் முத்தம். உப்பு விஷயத்தை அம்மாவிடம் மூச்சு விடாதே. லீவு கேட்டுப் பார்க்கிறேன் என்று இழுக்காமல் கிளம்பு. நான் என்ன நடித்தாலும் கை தானாகப் பழகிக்கொண்டே வருகிறது, கஞ்சி மறுபடி சரியாக வந்துவிடுவதற்குள் வந்துவிடு.

ஆசிகளுடன்,
உன் அப்பா