சதுப்பில் நின்ற பள்ளிக்கூடம்

பிப்ரவரி 20, 1879, வியாழன்

பனி இளகுகிறது. மகள் லெட்டி பள்ளியிலிருந்து இன்றும் கால் நனைந்து வந்தாள். காலுறையைப் பிழிந்து, அடுப்புக்கு மேலே உள்ள கொடியில் போட்டேன். அந்தக் கொடி இவள் காலுறைக்காகவே என் வீட்டுக்காரர் ஜெரெட் கட்டியது. கிறிஸ்துமஸில் பிடித்த இருமல் இன்னும் விடவில்லை. ஏழு வயதுப் பிள்ளை கிழவி மாதிரி இருமுகிறாள்.

மற்றபடி நல்ல நாள். செவலைப் பசு கன்று போட்டது.

பிப்ரவரி 23, ஞாயிறு

தேவாலயக் கதவில் எங்கள் ஆறாம் பள்ளி வட்டத்தின் ஆண்டுக் கூட்ட அறிவிப்பு. நான்காவது பொருள் வழக்கமானதுதான்: பள்ளிக்கூடத்தைக் கிழக்கு மேட்டுக்கு நகர்த்துவதா, வேண்டாமா?

அந்தக் காலத்துப் பெரியவர்கள் எந்த வீட்டுக்கும் ஓரவஞ்சனை கூடாதென்று அளவுச் சங்கிலி பிடித்து வட்டம் முழுவதையும் அளந்தார்கள். நட்டநடுவில் முளை அடித்தார்கள். நடு என்பது சதுப்பில் விழுந்தது. அங்கேயே கட்டிவிட்டார்கள்! எல்லாருடைய பிள்ளைகளுக்கும் சமதூரம், எல்லாருடைய பிள்ளைகளுக்கும் ஈரக்கால். சங்கிலி பிடித்தவர் என் மாமனார்.

ஐந்து வருடமாக நகர்த்தச் சொல்லிக் கிழக்கே பதினொரு ஓட்டு, வேண்டாமென்று மேற்கே பதினொன்று. சமமாக வந்தால் தீர்மானம் விழுந்துவிடும். நாங்கள் மேற்கு. இந்த வருடம் முதல்முறையாகப் பெண்களுக்கும் ஓட்டு, பள்ளிக் காரியத்துக்கு மட்டும். கிழக்குக்கார ராக்ஸானா வாசலில் என் கையைப் பிடித்து, "ஆம்பளைங்க அவங்கவங்க ஓட்டை ரெண்டா எண்ணிக்கத்தான்டி நம்மளக் கூப்பிடுறாங்க" என்றாள். சிரித்துவிட்டு வந்தேன்.

மார்ச் 10, திங்கள்

ஜெரெட் பூட்ஸுக்குக் கொழுப்புத் தடவிக்கொண்டே சொன்னார்: "நாளைக்கு எம் பக்கத்துல நில்லு, போதும். அது எங்கப்பா அடிச்ச முளை."

"ம்" என்றேன். அந்த 'ம்'முக்கு என்ன அர்த்தம்? எனக்கே தெரியவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

வந்ததும் வராததுமாக எழுதுகிறேன்.

பள்ளிக்கூடம் கொள்ளாத கூட்டம். குழந்தைகள் பெஞ்சில் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தோம். தரைப்பலகைக்கு அடியில் தண்ணீர் களக் களக்கென்றது. தலைமை விட்காம்ப். "நகர்த்தணும்கிறவங்க ஜன்னல் பக்கம் வாங்க. வேணாம்கிறவங்க அடுப்புப் பக்கம்."

"பொம்பளைங்களுக்கு அடுப்புப் பக்கம்தானே பழக்கம்!" என்று எவனோ. ஒரே சிரிப்பு.

நான் அடுப்புப் பக்கம்தான் நின்றேன், ஜெரெட்டின் பக்கத்தில். விட்காம்ப் எண்ண ஆரம்பித்தார். அப்போது பார்த்தேன்: லெட்டியின் பெஞ்சுக்குக் கீழே சுவர் ஓரமாக ஒரு அடி உயரத்துக்குப் பச்சைப் பாசி. என் பிள்ளை தினமும் அதில்தான் காலை வைத்து உட்காருகிறாள்.

நடந்துவிட்டேன். ஜன்னல் பக்கம். பத்து எட்டு எடுத்து வைத்திருப்பேனா? பலகை கிறீச்சிட்டது. ஜெரெட் என்னைப் பார்க்கவில்லை, தன் தொப்பியைப் பார்த்தார்.

இருபத்து மூன்று, இருபத்தொன்று. நகர்த்துவதென்று முடிவு.

வண்டியில் வரும்போது, "அப்பா இருந்திருந்தா—" என்று ஆரம்பித்தார்.

"இருந்திருந்தா லெட்டி காலைத் தொட்டுப் பாத்திருப்பாரு!"

அவர் கடிவாளத்தைச் சுண்டினார். பயமாக இருக்கிறது. ஆனால் வருத்தம் இல்லை, கொஞ்சம்கூட.

மார்ச் 15, சனி

"லெட்டி, உப்பை எடுக்கச் சொல்லு உங்கம்மாவ." ஜெரெட் இப்போதெல்லாம் லெட்டி வழியாகத்தான் என்னோடு பேசுகிறார். உப்பு என் கையிலேயே இருந்தது. அவள் எங்கள் இருவரையும் பார்த்துச் சிரிக்கிறாள். பீன்ஸ் மூன்று தட்டு சாப்பிட்டார், கோபத்தோடேயே.

மார்ச் 20, வியாழன்

மறுபடி இறுகிய பனியில் பள்ளிக்கூடத்தைச் சறுக்குக் கட்டைமேல் ஏற்றி இழுத்தார்கள். பூட்டியவை கிழக்கத்தி எருதுகள்தான். மேட்டின் அடிவாரத்தில் நின்றது நின்றதுதான். சாட்டை, கத்தல், ஒன்றும் பலிக்கவில்லை. பெண்கள் கொண்டுபோன டோநட் எல்லாம் ஆறிப்போயின.

அப்போது எங்கள் ஜோடி எருதுகளோடு ஜெரெட் வந்தார். யாரும் கூப்பிடவில்லை. "கத்துனா மாடு ஏறுமா? தள்ளுங்கப்பா அந்தப் பக்கம்" என்று முன்னால் பூட்டினார். மாட்டின் காதில் ஏதோ முணுமுணுத்தார். பள்ளிக்கூடம் அசைந்தது. ராக்ஸானா என் விலாவில் இடித்தாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது, எழுத வெட்கமில்லை.

மார்ச் 22, சனி

ஜெரெட் எங்கள் வாசலிலிருந்து பள்ளிக்கூடத்தின் புது இடம் வரை ஒவ்வொரு எட்டாக எண்ணி நடந்து பார்த்துவிட்டு வந்தார். "முன்னைவிட இருநூத்திப் பதினேழு எட்டு கூடுதல்" என்று நேராக என்னிடமே சொன்னார். "ரொம்பத்தான்" என்றேன். "லெட்டி ஓடுனா நூத்தைம்பதுதான் வரும்" என்றார்.

ஏப்ரல் 27, ஞாயிறு

சேறு, சேறு, சேறு. பழைய இடத்தில் முழங்கால் தண்ணீர். தவளைகள் கூட்டம் போட்டிருக்கின்றன.

மே 12, திங்கள்

கோடைப் பருவம் தொடங்கியது. பள்ளிவிட்டு வந்த லெட்டியின் காலுறையை வழக்கம்போலக் கழற்றி, அடுப்புக்கு மேலே கையை உயர்த்தினேன். கொடியைக் காணோம்.

"கன்னுக்குட்டி கட்டக் கயிறு இல்ல, அதான் எடுத்தேன்" என்றார் ஜெரெட் கொல்லையிலிருந்து. "அது இனிமே அங்க எதுக்கு?"