பதிலுக்குக் காத்திராத வகுப்பு

பீளமேடு,
ஞாயிற்றுக்கிழமை மாலை

அன்புள்ள ஹாரிகா கண்ணுக்கு,

அம்மா எழுதுவது. அப்பாவின் முழங்கால் வலியைத் தவிர இங்கே குறை ஒன்றும் இல்லை. அங்கே அந்த மழையிலும் குளிரிலும் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். அப்பா மாடிப்படி ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லியும், துணி எடுக்கிறேன் என்று ஏறிவிடுகிறார். நீ ஒரு வார்த்தை சொன்னால் கேட்பார். நீ வேலை பார்க்கும் கல்லூரியில் பாடங்களை வீடியோவில் பதிவு செய்து தரச் சொல்லியிருக்கிறார்கள் என்றாயே, அதற்காகத்தான் இந்தக் கடிதம். போனில் என்றால் நடுவில் நானே பேச்சை மாற்றிவிடுவேன்.

நான் ஓய்வு பெற்ற பிறகு எங்கள் துறைக்கு இப்போது சாய்கிருஷ்ணாதான் தலைவர், என்னிடம் படித்தவன். ஆசிரியர்கள் ஒவ்வொருவரும் தம் வகுப்பின் பதிவைத் தாமே பார்த்து, என்ன நடந்தது என்று ஒரு பக்கம் எழுத வேண்டும் என்று புதிதாக ஓர் ஏற்பாடு செய்திருக்கிறான். நல்ல ஏற்பாடு. மாதிரிக்குக் காட்ட, கொரோனா சமயத்தில் நான் வீட்டிலிருந்து எடுத்த புள்ளியியல் பாடங்களைப் பென் டிரைவில் கொண்டுவந்து, “நீங்களே பாத்து ஒண்ணை எடுத்துக் குடுங்க மேடம், உங்க கிளாஸ்ல குத்தம் கண்டுபுடிக்க முடியாதுங்க” என்றான். அப்பா சும்மா இருப்பாரா, “உங்க மேடம் இத்தனை வருசம் எங்களுக்குக் கிளாஸ் எடுத்தாங்க, இனி அவிங்களுக்கே எடுத்துக்கட்டும்” என்று சிரித்தார். நானும் சிரித்துக்கொண்டுதான் பார்க்க உட்கார்ந்தேன்.

வீடியோவோடு, வகுப்பு நடக்கும்போது பிள்ளைகள் டைப் செய்த செய்திகளும் நேரத்தோடு சேர்ந்திருந்தன. அன்று நான் எழுதும் பக்கமே திரை முழுக்க நிறைந்திருக்கும், செய்திகள் என் கண்ணில் படாது, பிறகு திறந்து பார்க்கவும் தோன்றியதில்லை. மொத்தம் பதினான்கு வகுப்பு, பதினான்கிலும் நஸ்ரியா என்ற பெண் எழுதியிருக்கிறாள். “வீட்ல சத்தம், மைக் போட முடியலைங்க மேடம். இந்தக் கணக்கை இன்னொருக்கா சொல்றீங்களா?” அதே நிமிடத்தில் வீடியோவில் நான் “புரிஞ்சுதா? சரி, அடுத்தது” என்கிறேன். என் ‘புரிஞ்சுதா’வுக்கும் ‘சரி’க்கும் நடுவே இரண்டு விநாடிகூட இல்லை. விசிலே வராத குக்கரை, சத்தம் இல்லையே வெந்துவிட்டது என்று இறக்கி வைத்தவளாக இருந்திருக்கிறேன். கடைசி வகுப்பில் “பரவாயில்லைங்க மேடம், நன்றி” என்று எழுதியிருக்கிறாள்.

கல்லூரி திறந்து, நேரில் நடந்த தேர்வில் அந்தத் தாளில் மட்டும் அவள் தோற்றாள். துறைக்கு வந்து நின்றபோது எல்லார் முன்னாலும் நான் சொன்னது இப்போது நினைவுக்கு வருகிறது: “ஏம்மா, ஒரு நாளாவது வாயத் தொறந்து கேட்டியா?” அவள் தலையைக் குனிந்துகொண்டு, “கேட்டிருக்கோணுங்க மேடம், தப்புத்தானுங்க” என்றாள். கேட்டேன் என்று சொல்லவில்லை கண்ணு. டீச்சரை எதிர்த்துப் பேசுவது மரியாதை இல்லை என்று, செய்யாத தப்பை ஒப்புக்கொண்டு போனாள். அதன் பிறகு இரண்டு தடவை எழுதியும் தேறாமல், பட்டம் வாங்காமலே நின்றுவிட்டாள்.

அந்த வீடியோக்களை மூடி மூன்று வாரம் ஆகிறது. குழாயடியில் பாத்திரம் கழுவும்போது உள் அறையில் நானே பேசுவது கேட்கிறது, “புரிஞ்சுதா? சரி, அடுத்தது.” போய்ப் பார்த்தால் கம்ப்யூட்டர் அணைந்துதான் கிடக்கிறது. அப்பாவிடம் “காப்பி வேணுமா? சரி” என்கிறேன். உன்னிடமும் போனில் “நல்லா இருக்கியா? சரி, என்ன சமைச்ச?” என்றுதானே இத்தனை நாளும் கேட்டிருக்கிறேன். நீயும் “நல்லா இருக்கேம்மா” என்று சொல்லிவிடுகிறாய்.

பழைய பாக்கித் தாள்களை எழுதக் கல்லூரி கடைசியாக ஒரு வாய்ப்புத் தந்திருக்கிறது, விண்ணப்பிக்க வருகிற வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள். சாய்கிருஷ்ணாவிடம் விசாரித்துக்கொண்டு போனேன். நஸ்ரியா சரவணம்பட்டியில் ஒரு மருந்துக்கடையில் பில் போடுகிறாள். ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, டீ வரவழைத்தாள். விவரத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். “அய்யோ, என்னங்க மேடம் நீங்க போயி... எனக்கு நெனப்பே இல்லைங்க” என்றாள். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா, அந்தக் கணக்குகளைச் சேர்ந்து போடுவோம், விண்ணப்பப் பாரத்தையும் நிரப்புவோம் என்றேன். “வாரேனுங்க மேடம்” என்றாள். நானும் சரி என்று கிளம்பி வந்துவிட்டேன். போன ஞாயிறும் வரவில்லை, இன்றும் வரவில்லை.

நீ பதிவு செய்தால் முதலில் தனியாக உட்கார்ந்து பார். பாடத்தைவிட, கேள்வி கேட்ட பிறகு எவ்வளவு நேரம் பேசாமல் இருந்தாய் என்று பார். பிள்ளைகள் எழுதுவதை வாசித்துச் சொல்ல வகுப்பிலேயே ஒருவரை வைத்துக்கொள். மாதிரி வகுப்பாக அந்தக் கடைசிப் பதினான்காவதையே கொடுத்திருக்கிறேன், செய்திகளையும் சேர்த்துக் காட்டவேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். சாய்கிருஷ்ணா “வேண்டாங்க மேடம்” என்று தயங்கினான், பிறகு ஒப்புக்கொண்டான்.

நாளைக் காலை பஸ் ஏறி மறுபடியும் அந்தக் கடைக்குப் போகிறேன். பாரத்தைக் கையில் கொடுத்துவிட்டு, எழுதுகிறாயா என்று ஒரே ஒரு தடவை கேட்பேன். மரியாதைக்குச் சொல்லும் ‘சரிங்க’ வேண்டாம், மனதில் இருப்பது ‘இல்லைங்க மேடம்’ என்றாலும் அதை அவள் சொல்லத் துணியும் வரைக்கும் வாயைத் திறக்காமல் நிற்பேன்.

நீயும் மாப்பிள்ளையும் எல்லா நலனும் பெற்று நன்றாக இருங்கள். அப்பாவிடம் மாடிப்படியைப் பற்றிச் சொல்ல மறக்காதே.

உன் அன்பு அம்மா,
வரலட்சுமி அரங்கசாமி