அப்பாவின் ஆபரேஷனும் உன் வீக்கமும்

கல்மண்டபம், ராயபுரம்
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் அலெக்ஸாண்டருக்கு அம்மா எழுதுவது. மாதா தயவில் அப்பாவும் உன் பெண்டாட்டி மகிமாவும் பேத்தி ஷைனியும் நானும் சுகம். பஹ்ரைனில் நீயும் சுகம் என்று எழுதத்தான் ஆசை, ஆனால் நீ சுகமில்லை என்று தெரிந்துவிட்டது. தொடை இடுக்கில் எலுமிச்சம்பழம் மாதிரி வீக்கமாமே, அம்மாவுக்குச் சொல்லாதே என்றாயாமே. மகிமாவைத் திட்டாதே, அவள் முகத்தைப் பார்த்து நான்தான் கேட்டு வாங்கினேன். போனில் என்றால் பேச்சை மாற்றிவிடுவாய், அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன், ஷைனி படம் பிடித்து அனுப்புவாள்.

லீவு கிடைக்காது, படுத்தால் உள்ளே போய்விடுகிறது, பிறகு பார்க்கலாம் என்கிறாயாம். இதே பேச்சைத்தான் உன் அப்பா எட்டு மாதம் பேசினார். ஆபரேஷன் நல்லபடியா முடிந்தது என்று மட்டும் உனக்குச் சொல்லியிருப்பார், மீதியை நான் சொல்கிறேன். ஒருநாள் காலையில் வீக்கத்தைக் காணோம், அந்தோனியார் குணமாக்கிவிட்டார் என்று நன்றிப் பூசைக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். சாமியார் பூசையில் அப்பா பேரைச் சொல்லி வாசித்தார், நானும் முழங்காலில் நின்று அழுதேன். கோயில் படி இறங்கும்போது ஒரு தும்மல், வீக்கம் பழையபடி வந்து நின்றது. அந்தோனியார் மேல் தப்பில்லை, படுத்தால் உள்ளே போகும் நின்றால் இறங்கும், அது குணமில்லை என்று எங்களுக்குத்தான் தெரியவில்லை. ஷைனி நர்சிங் இரண்டாம் வருஷம் அல்லவா, நோட்டில் படம் போட்டுக் காட்டினாள். அடிவயிற்றுச் சதை ஓரிடத்தில் நைந்துபோய் அந்த வழியாகக் குடல் எட்டிப் பார்க்கிறதாம், மாத்திரையோ தைலமோ அந்த ஓட்டையை அடைக்காதாம். இம்மாத்தூண்டு வீக்கத்துக்கு இன்னாத்துக்கு கத்தி, போம்மே என்றார் அப்பா. அவள் விடவில்லை, உள்ள போவாம மாட்டிக்கினா குடலு அழுவிப்பூடும் தாத்தா, அப்போ எந்த சப்பரத்த தூக்குவ என்று கேட்டாள், மனுஷன் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

பெரியாஸ்பத்திரியில் டாக்டரம்மா, ஓட்டை மேல் சின்ன வலை வைத்துத் தைப்போம் என்றார். வலை பின்னிய கை சும்மா இருக்குமா, அதுக்கு கண்ணு இன்னா சைஸு மேடம் என்று கேட்டார் உன் அப்பா. டாக்டரம்மா சிரித்துக்கொண்டே அந்த வலையில் ஒரு துண்டை எடுத்துக் கொடுத்தார். அப்பா அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, நெத்திலி கூட தப்பாது, போட்டுடுங்க என்று கையெழுத்துப் போட்டார். மறுநாளே நடந்தார். இப்போது ஆறு வாரம் ஆகிறது, வலியில்லை, என்னிடம் சண்டை கூடப் போடுகிறார். மீன் அடுக்கும் ஐஸ் பெட்டியை மட்டும் நான் தொட விடுவதில்லை. போன வாரத் திருவிழாவில் இருபத்தெட்டு வருஷமாகத் தோள் கொடுத்த சப்பரத்தின் முன் தண்டை விட்டுவிட்டு மெழுகுவத்தி பிடித்து நடந்தார்.

ராசா, கனம் தூக்காதே, பழம் கீரை தின்று, முக்காமல் வெளிக்குப் போ. வீக்கம் கல் மாதிரி கெட்டியாகி உள்ளே போகாமல் வலித்தாலோ வாந்தி வந்தாலோ, லீவு கேட்டுக்கொண்டு நிற்காமல் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்கு ஓடு. அதுவரை காத்திருக்கவும் வேண்டாம், இந்த வாரமே டாக்டரிடம் காட்டு. அறுபத்தேழு வயசுக்காரர் எழுந்து நடந்தார், உனக்கென்ன.

அடுத்த வருஷம் முன் தண்டு உனக்கு என்று அப்பா கோயிலில் சொல்லிவிட்டார். வீக்கத்தோடு வந்தால் சப்பரத்தைத் தொட விடமாட்டேன். தழும்பை எனக்குக் காட்ட வேண்டாம், அப்பாவுக்குக் காட்டு, தையல் சரி என்று அவர் சொன்னால் போதும். மாதா உன்னைத் தன் முந்தானையில் வைத்துக் காப்பாள். டாக்டரைப் பார்த்த அன்றே போன் பண்ணு, மகிமாவுக்கு இல்லை, எனக்கு.

உன் அம்மா,
அ. அடைக்கலமேரி