படையலில் பெர்லின் நூடுல்ஸ்

ஹுவே,
செவ்வாய்க்கிழமை, நல்ல மழை.

அன்புள்ள கியெமுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். நீ கொஞ்சம் சதை போட்டிருப்பதாக உன் அப்பா வந்து சொன்னார். நீ சமைப்பதைத் தின்றுமா என்று கேட்டேன்.

ஐந்து வருஷமாக வீட்டுப் பக்கம் தலைகாட்டாத பிள்ளையைத் தாத்தா திதிக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றுதான் அவரை பெர்லினுக்கு அனுப்பினேன். மனுஷன் ஒரு கிண்ணம் நூடுல்ஸைக் கூட்டிக்கொண்டு வந்து நிற்கிறார். உன் கடையில் தினமும் அதைத்தான் சாப்பிட்டாராம். வந்து இறங்கிய மறுநாளே, "நான் செஞ்சு காட்டுறேன், நீ கொஞ்சம் தள்ளு" என்றார். மாட்டெலும்பைக் கொதிக்கவைத்து நான் நூடுல்ஸ் கடை நடத்துகிற அடுப்பு அது. உன் கடைப் பலகையில் 'வியட்நாம் பாணி நூடுல்ஸ்' என்று போட்டிருக்கிறதாமே. பாணியாம். வியட்நாம்காரன் சமைப்பதற்கு என்னடா பாணி?

தேங்காய்ப்பால், அதில் அரைத்த வேர்க்கடலை, அதன் தலையில் மாம்பழம். போதாதென்று சந்தைக்குப் போய் அவகாடோ கேட்டிருக்கிறார். பாலும் சர்க்கரையும் போட்டு அடித்துக் குடிக்கவா என்று பழக்காரி கேட்டாளாம். இல்லை, நூடுல்ஸில் போட என்றாராம். அவள் பக்கத்துக் கடைக்காரியையும் கூப்பிட்டு, இன்னொரு தடவை சொல்லுங்கள் என்றாளாம். இப்போது நான் சந்தைக்குப் பின்பக்கமாகப் போய்வருகிறேன்.

முதலில் செய்தது பாயசம் மாதிரி இருந்தது. அடுத்ததை வைத்துப் போஸ்டர் ஒட்டலாம். செத்தாலும் இதை வாயில் வைக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

நேற்று திதி. ஊதுபத்தி ஏற்றிக் கும்பிட்டு நிமிர்ந்தால், நான் சமைத்ததற்கெல்லாம் நடுவில் உன் கிண்ணம், தாத்தா படத்துக்கு நேர் எதிரே. உன் தாம் அத்தை சும்மா இருப்பாளா? "ஏண்ணே, அப்பா போய்ச் சேந்தும் அவர விடமாட்டியா?" என்றாள். பத்தி ஏற்றியபின் எடுக்கவும் முடியாது. அது எரிந்து முடிந்ததும், படைத்ததை வீட்டு மனுஷர்தான் சாப்பிட்டுத் தீர்க்கவேண்டும், கொட்டக்கூடாது. அத்தைக்குத் திடீரென்று வயிற்றுவலி. மற்றவர்களுக்கும் ஆளுக்கொரு வேலை வந்துவிட்டது. கடைசியில் கிண்ணம் என் தலையில் விழுந்தது.

முதல் வாயிலேயே தெரிந்துவிட்டது. கடலைக்கும் தேங்காய்ப்பாலுக்கும் அடியில், உப்புப் போட்டுப் புளிக்கவைத்த நம் இறால் விழுது. அதுவும் தண்ணீரில் கரைத்து, ராத்திரி முழுக்கத் தெளியவிட்டு, மேலே நிற்கும் தெளிவை மட்டும் இறுத்தது. இந்தத் தெருவில் அப்படிச் செய்கிறவள் நான் ஒருத்திதான். என் ஜாடியிலிருந்தே எடுத்திருக்கிறார். இதை யார் போடச் சொன்னது என்று அவரைப் பிடித்து உலுக்கினேன்.

"அவன் கடையத் தொறக்கறதுக்கு முந்தியே ஊத்திருவான். வாடை தெரிஞ்சா அங்க ஒருத்தரும் உள்ள வரமாட்டாங்களாம். உங்கிட்ட சொல்லாதன்னான்" என்றார்.

ஆக, கடலைக்கு அடியில் அம்மாவை ஒளித்துவைத்து விற்கிறாய். ரொம்ப நல்ல பிள்ளை. எனக்கு வந்த ஆத்திரத்தில் கிண்ணத்தைக் காலி செய்துவிட்டுத்தான் எழுந்தேன். கொட்டக்கூடாது என்பதற்காகத்தான் சாப்பிட்டேன், நீ வேறு எதுவும் நினைத்துக்கொள்ளாதே. உன் அளவையே அவரும் ஊற்றியிருக்கிறார், விழுது பத்தவில்லை. பயந்து பயந்து ஊற்றுகிற கை. நான் அப்படியா சொல்லிக் கொடுத்தேன்?

வருகிற திதிக்கும் இதையே படைப்பேன் என்று உன் அப்பா ஒற்றைக்காலில் நிற்கிறார். உன் தாத்தா உயிரோடிருந்தபோது யாருக்கும் ஒரு கெடுதல் செய்ததில்லை. இந்தக் கிண்ணத்தையே பொறுத்துக்கொண்டவர், உன்னையும் நன்றாக வைத்திருப்பார். குளிரில் காதை மூடிக்கொண்டு போ.

அடுத்த வருஷம் நீயே வந்து செய். வாசல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, வாடை தெரு முழுக்க அடிக்கிற அளவுக்கு ஊற்று. இங்கே யாரும் ஓடமாட்டார்கள்.

அம்மா