மகளுக்குத் தெரியாத மாஸ்டர்

மாஸ்டர்,

சட்டையைக் கழற்றி மாட்டிய பிறகும் அதிலிருந்து சம்பங்கி வாசனை வருகிறது. உங்கள் பெட்டியருகே குவிந்திருந்த மலர்வளையங்களின் வாசனை. ரிச்சர்ட்ஸ் டவுனில் உங்கள் வீட்டிலிருந்து ஜோகுபாளையத்தில் என் வீட்டுக்குத் திரும்பி நேரமாகிவிட்டது. அங்கே கேட்டது இன்னும் என்னை விடவில்லை. நீங்கள் இறந்த செய்திகூட என்னை இப்படித் தாக்கவில்லை.

எங்களுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுத்த நாட்களில் கல்லூரி மைதானத்தில் நீங்கள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. மேட்ச் நடக்கும்போது கோட்டுக்கு வெளியே எங்களோடு சேர்ந்து கோலுக்கும் கோலுக்கும் ஓடுவீர்கள். எங்களைத் தமிழிலும் கன்னடத்திலும் திட்டுவீர்கள். நடுவர் முறைத்தால் ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்பீர்கள். "ரெஃபரி சார், அவங்க பன்னெண்டு பேர் ஆடுறாங்க" என்று எதிரணிப் பையன்கள் கத்துவார்கள். இறுதிப் போட்டியில் நான் பெனால்டியை வெளியே அடித்துத் தோற்ற அன்று, சாப்பிடும்போது உங்கள் தட்டிலிருந்த கறித்துண்டை எடுத்து என் தட்டில் வைத்தீர்கள். "தின்னுடா. அழுதுகிட்டே தின்னாலும் பிரியாணி பிரியாணிதான்."

அப்படிப்பட்ட நீங்கள், விளையாட்டுத் துறை இயக்குநரான முதல் வருடமே கால்பந்து அணியைக் கலைத்தீர்கள். அப்போது நான் கேப்டன். பல்கலைக்கழக அணித் தேர்வுக்கு என்னை அனுப்புவதாகச் சொல்லியிருந்தீர்கள். அணியே இல்லாத கல்லூரியிலிருந்து யார் போவது? உங்கள் அறைக்கு வந்தேன். டை கட்டியிருந்தீர்கள்.

"யாரு மாஸ்டர் முடிவு பண்ணது?"

"நான்தான். இங்க மாஸ்டர்னு கூப்பிடாத. சார்னு கூப்பிடு."

பழைய ஆட்டக்காரர்கள் எங்கே பார்த்தாலும், "விடு குரு, அவருக்கும் மேல ஆளுங்க இருந்தாங்கல்ல" என்பார்கள். நான் விடவில்லை. மைதானம் கார் நிறுத்தும் இடமானது. உங்களுக்குச் சால்வைகள் விழுந்தன. இன்று நான் மாலை போட வரவில்லை; உங்கள் வீட்டார் ஒருவரிடமாவது நீங்கள் செய்ததைச் சொல்லிவிட வந்தேன்.

"உங்க அப்பாவோட ஃபுட்பால் டீம்ல கேப்டனா இருந்தேன்மா" என்று உங்கள் மகளிடம் ஆரம்பித்தேன்.

"வேற யாரையோ சொல்றீங்க அங்கிள். டாடி காலேஜ்ல ஆபீஸ் வேலைதான் பார்த்தாரு. ஃபுட்பாலே புடிக்காது. டிவில மேட்ச் வந்தா எழுந்து ரூமுக்குப் போயிடுவாரு."

உங்கள் மனைவியைப் பார்த்தேன்.

"இவ பொறக்கறதுக்கு முன்னாடியே எல்லாத்தையும் குடுத்துட்டாரு தம்பி" என்றார். "பூட்ஸ், ஃபோட்டோ, எதுவும் வெக்கல. வீட்ல அந்தப் பேச்சே எடுக்கக்கூடாதுன்னுட்டாரு."

எங்களைச் சுலபமாகத் தூக்கி எறிந்துவிட்டீர்கள் என்று நம்பித்தானே இத்தனை காலம் உங்களை வெறுத்தேன்? சொல்ல வந்ததை விட்டுவிட்டுக் கிளம்பத் திரும்பினேன்.

உங்கள் மகள் என்னை விடவில்லை. "கிரவுண்ட்ல டாடி எப்படி இருப்பாரு அங்கிள்?"

பெட்டிக்குள் பளபளக்கும் தோல் ஷூவோடு கிடந்தீர்கள்.

"ஒரு இடத்துல நிக்கமாட்டாரும்மா" என்றேன்.

உங்களை மன்னித்துவிட்டதாக நினைக்காதீர்கள், மாஸ்டர். அந்த மைதானத்து மனிதரை நீங்களே ஒரு தடயமுமில்லாமல் துடைத்துவிட்டீர்கள். இப்போது அவர் மிச்சமிருப்பது என் கோபத்தில்தான். அதைத் தணித்துக்கொள்ள எனக்குப் பயமாக இருக்கிறது.