வரிசையில் நின்ற குக்கர் மூடி

சிப்பிகாட்,
6 ஆகஸ்ட் 2012

மதிப்பிற்குரிய ராஜகுமாரி அவர்களுக்கு,

வணக்கம். ரங்கத்தில் வெள்ளிக்கிழமை மதியத்திலிருந்து நெட் இல்லை. தகவல் தந்தவர், நேற்று மாலை உங்கள் ஊரிலிருந்து வந்து சேர்ந்த பஸ்ஸின் கண்டக்டர். "டவர் இருக்கு சார், நெட்டுதான் இல்ல. மழை விட்டா வரும்" என்றார். மழை விடுமா என்பதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. இன்று காலை எட்டரை மணிக்கு எங்கள் விவசாயப் பண்ணையின் மழைமானியில் நான் அளந்தது 41.6 மில்லிமீட்டர்.

ஆகவே பேனாவை எடுத்தேன். 'நடுக்கடல் அரட்டை' இணையக் குழுவில் நாம் இருவரும் இரண்டு வருடமாகச் சண்டை போடுகிறோம். மூன்று நாள் நீங்கள் இல்லாததால் குழுவில் எல்லோரும் என் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். எதிர்க்க ஆளில்லாத வெற்றி உப்பில்லாத குழம்பு மாதிரி இருக்கிறது.

நீங்கள் தவறவிட்டவற்றைச் சொல்கிறேன். அந்தமானின் இத்தனை தீவுக்கும் ஒரே எம்.பி. போதுமா என்ற வாதம் நூற்றுப் பன்னிரண்டு பதில்களைத் தாண்டி, கடைசியில் யார் வீட்டு மீன் குழம்பு நல்லது என்பதில் போய் நின்றது. கடலுக்கடியில் கேபிள் போட்டு நெட் வேகமாக வந்தால் மனிதர்கள் நல்லவர்களாவார்களா என்று நம் கோவிந்தராஜ் அண்ணன் கேட்டார். "கெட்டவர்கள் சீக்கிரம் கெடுவார்கள்" என்று அவரே பதிலும் போட்டுக்கொண்டார். படகு எஞ்சினில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவருக்குக் கேள்விகளுக்குப் பஞ்சமே இல்லை. நேற்றைய கேள்வி: "நீ ஒரு தப்புப் பண்ணிட்ட, யாருக்கும் தெரியாது. வாயத் தொறக்கணுமா, வேணாமா?" கட்டாயம் சொல்ல வேண்டும் என்று பத்து விநாடியில் எழுதினேன்.

நம் பழைய வழக்கு அப்படியே நிற்கிறது. கப்பல் டிக்கெட் வரிசையில் கல்லையும் செருப்பையும் ஹெல்மெட்டையும் வைத்து இடம் பிடித்துவிட்டு ஆள் வெளியே போவது நியாயம் என்கிறீர்கள். கல்லுக்கு ஓட்டும் கிடையாது, வரிசையில் இடமும் கிடையாது என்பது என் கட்சி. நிற்பவனுக்கே வரிசை.

ஜூலையில் என்னை மணந்துகொள்வீர்களா என்று மின்னஞ்சலில் கேட்டிருந்தேன். நேரில் பார்த்த பிறகே பதில் என்றீர்கள். அதுவே சரி, நாம் இன்னும் ஒருவரையொருவர் நேரில் பார்த்ததில்லை. நாற்பத்தொரு வயது வரை காத்திருந்தவனுக்கு அவசரம் இல்லை என்று எழுத நினைத்தேன். அது பொய். கொஞ்சம் இருக்கிறது.

அன்புடன்,
சுரேந்திரன்


ரங்கத்,
11 ஆகஸ்ட் 2012

அன்புள்ள சுரேந்திரன் சாருக்கு,

உங்கள் கடிதத்தை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். கடைசிப் பத்தியை மட்டும் எனக்குள் வைத்துக்கொண்டேன். "இது லெட்டரா, ரேடியோ நியூசா புள்ள?" என்றார். மழைக் கணக்கைக் கேட்டுவிட்டு, "கச்சால்ல ரப்பர்ப் பால் எடுக்கையில இந்த மாதிரி ஒருத்தன் இருந்திருந்தா நாங்க நனையாம இருந்திருப்போம்" என்று சேர்த்துச் சொன்னார். உங்களை அவருக்குப் பிடித்துவிட்டது என்று அர்த்தம். சுனாமிக்குப் பிறகு கச்சால் தீவை விட்டு இங்கே வந்ததிலிருந்து அவர் யாரையும் அந்த ஊர்க் கணக்கில் சேர்த்ததில்லை.

நெட் இன்னும் வரவில்லை. ஆஸ்பத்திரி லேபில் அன்றாட ரத்தப் பரிசோதனை வேலையை முடித்த பிறகு எனக்குச் சண்டை போட ஆளில்லை. அதனால் வழக்கைத் தபாலிலேயே நடத்துகிறேன். குழுவில் சொல்லாத ஒன்றை உங்களுக்குச் சொல்கிறேன்.

போன வருடம் மே 24. தங்கை ஜெயலட்சுமிக்குத் திருச்சியில் ஜூன் 5 கல்யாணம். அவள் அங்கேயே படித்து, அங்கேயே வேலை பார்த்தவள். அப்பா முதல் கப்பலில் போய்விட்டார். எனக்கு லீவு தாமதமாகத்தான் கிடைத்தது. குக்கர் மூடிக்குப் பிடி உடைந்திருந்ததால் அதையும் பையில் போட்டுக்கொண்டு போர்ட் பிளேர் வந்தேன். முந்தின நாள் பிடி போட்டாயிற்று. மறுநாள் விடியற்காலை ஐந்தரைக்கே டிக்கெட் கவுன்டர் முன்னால் நின்றேன். இருபத்து நாலாவது ஆள்.

ஒன்பது மணி வாக்கில், தீவுவாசி என்பதற்கான ஐலண்டர் கார்டுக்கு ஜெராக்ஸ் வேண்டும் என்றார்கள். என் இடத்தில் மூடியை வைத்தேன். பின்னால் கைக்குழந்தையோடு நின்ற வங்காளி அக்கா, "ஜாவோ ஜாவோ, ஹம் தேக்கேகா" என்று, தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். ஜெராக்ஸ் கடையில் கரண்ட் போனது. ஜெனரேட்டர் போட நாற்பது நிமிடம். திரும்பி வந்தால் அக்காவும் இல்லை, மூடியும் இல்லை. குழந்தை வாந்தி எடுத்ததால் அவள் போய்விட்டாளாம். என் மூடி ஜன்னல் விளிம்பில் அநாதையாக உட்கார்ந்திருந்தது. சத்தியம் செய்து பார்த்தேன். "பீச்சே ஜாவோ, லைன் கே பீச்சே!" என்று நாலு பக்கமும் சத்தம். பின்னால் போனேன். எனக்கு முன்னால் மூன்று பேர் இருக்கும்போது கவுன்டரை மூடினார்கள்.

தங்கை கல்யாணத்தை ரங்கத் நெட் கடையில் பார்த்தேன். ஒரு போட்டோ மேலிருந்து கீழே திறக்க அரை மணி நேரம். முதலில் பந்தல் வந்தது, அப்புறம் ஜெயா நெற்றி, அப்புறம் கண். தாலி வருவதற்குள் கரண்ட் போய்விட்டது. இப்போது சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை.

நான் கல்லை நம்பவில்லை சார். கல்லைப் பார்த்துக்கொண்டு நிற்கிற சனங்களை நம்பினேன். மூடியில் சிவப்பு நகப்பூச்சால் 'ரா' என்று எழுதியிருந்தேன். எடுத்தவனுக்கு எழுத்துத் தெரியாதோ என்னவோ.

சந்தோஷச் செய்தி: ஜெயாவுக்கு மகன் பிறந்து அஞ்சாம் மாதம் நடக்கிறது. செப்டம்பர் 16 காதுகுத்து. இந்தத் தடவை நானும் அப்பாவும் கப்பலை விடுவதாக இல்லை. டிக்கெட் எடுக்க வரும்போது உங்கள் கேள்விக்குப் பதில். நல்ல சட்டை போட்டுக்கொண்டு வாருங்கள்.

அன்புடன்,
ராஜகுமாரி


சிப்பிகாட்,
16 ஆகஸ்ட் 2012

அன்புள்ள ராஜகுமாரிக்கு,

உறுதியான செய்தி ஒன்றுதான். போன வருடம் மே 24 காலை, சிவப்பில் 'ரா' என்று எழுதிய குக்கர் மூடியை வரிசையிலிருந்து எடுத்து ஜன்னல் விளிம்பில் வைத்தவன் நான். தகவல் தந்தவன் நானே.

உங்கள் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. பழைய கோப்பில் என் டிக்கெட்டை எடுத்துத் தேதியைச் சரிபார்த்தேன். சரிபார்க்கத் தேவையே இருக்கவில்லை. அந்த எழுத்து நன்றாக நினைவில் இருக்கிறது. வங்காளிப் பெண் போன பிறகு எனக்கு முன்னால் மூடி மட்டும் இருந்தது. "குக்கர் எங்கே, கப்பல்ல ஏறிடுச்சா?" என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் குஷியாகி எடுத்து வைத்தேன். யாருடையது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் பின்னால் ஒரு பெண் சத்தியம் செய்யும் குரல் கேட்டது. திரும்பிப் பார்க்கவும் இல்லை.

அந்தக் கப்பலில் போய் சித்தப்பா மகனின் புதுவீட்டு விசேஷத்தில் கலந்துகொண்டேன். நான் அங்கே செய்த ஒரே காரியம், பாயசம் இரண்டு தடவை வாங்கியது.

பத்து விநாடியில் குழுவில் எழுதிய நியாயத்தை எனக்கே செய்துகொள்ள இரண்டு நாள் ஆயிற்று. நேற்றுப் பண்ணையில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்தார்கள். என்னால் சாப்பிட முடியவில்லை. மன்னிப்புக் கேட்கிறேன். ஜூலையில் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் இனி உங்களுக்கு இல்லை.

சுரேந்திரன்


ரங்கத்,
20 ஆகஸ்ட் 2012

சுரேந்திரன் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. நீங்கள் திரும்பிப் பார்த்திருந்தால் அன்றைக்கே நாம் பார்த்திருப்போம். அதுதான் மறுபடி மறுபடி தோன்றுகிறது.

கொஞ்ச நாளைக்கு எழுத வேண்டாம். நானும் எழுதமாட்டேன்.

ராஜகுமாரி


ரங்கத்,
30 ஆகஸ்ட் 2012

மூடி எடுத்தவருக்கு,

எழுதமாட்டேன் என்றேன், பத்து நாள் தாங்கியது.

திங்கட்கிழமை நெட் வந்தது. எல்லாச் சண்டையையும் கீழிருந்து மேலே படித்தேன். நடுவில் உங்கள் பதிவு. என் பெயர் எங்கேயும் இல்லை, உங்கள் பெயர் மட்டும். "வரிசையில் ஒரு பொருளை எடுத்து வைத்தேன். ஒரு பெண் தங்கையின் கல்யாணத்தைத் தவறவிட்டார். இரண்டு வருடமாக நான் பேசிய நியாயத்தைத் திரும்பப் பெறுகிறேன்." கீழே எண்பத்தேழு பதில்கள். பாதிப் பேர் திட்டியிருக்கிறார்கள். மீதிப் பேர் தாங்களும் எடுத்த செருப்பு, குடை, தேங்காய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்! கோவிந்தராஜ் அண்ணன் போட்டதைப் படித்து ஆஸ்பத்திரியில் சத்தமாகச் சிரித்துவிட்டேன்: "சுரேந்திரா, ரெண்டு வருசத்துல நீ எழுதினதுல இது ஒண்ணுதான் உருப்படி."

வீட்டுக்கு வந்தும் சிரித்துக்கொண்டிருந்தேன், எதற்கு என்று அப்பா கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன், நீங்கள் ஜூலையில் கேட்டதையும் சேர்த்து. வெற்றிலையை மென்று முடித்தார். பிறகு, "உன்னக் கப்பலத் தவற விட வச்சது அவனா? அப்ப அவனே ஏத்தி விடட்டும்" என்றார்.

அதுதான் தீர்ப்பு. இந்தக் கடிதத்தோடு பஸ் டிரைவர் கையில் ஒரு பொட்டலம் வரும். உள்ளே எங்கள் இரண்டு பேருடைய ஐலண்டர் கார்டும், அந்த மூடியும். (இப்போது சோற்றுப் பானையில்தான் சமையல். சீக்கிரம் முடியுங்கள்.) 11ஆம் தேதிக் கப்பலுக்கு 5ஆம் தேதி கவுன்டர் திறக்கிறது. நீங்கள் வரிசையில் நிற்க வேண்டும். முன்கூட்டி ஜெராக்ஸ் எடுக்கக் கூடாது. உங்கள் முறை நெருங்கும்போது மூடியை வைத்துவிட்டுப் போய்த்தான் எடுக்க வேண்டும். பின்னால் நிற்பவரிடம் ஒரு தடவை சொல்லலாம், கெஞ்சக் கூடாது. மூடி போனால் கடைசியில் போய் நில்லுங்கள். எனக்கும் அதே நிலைமைதான் இருந்தது.

மூன்றாவதாக உங்கள் பெயருக்கும் ஒரு டிக்கெட் கேளுங்கள். காதுகுத்தில் எங்கள் பக்கம் ஆள் குறைவு. கிடைத்தால், பதிலைக் கப்பலில் சொல்கிறேன். மூன்று நாள் ஓடும். யோசித்துச் சொல்ல நேரம் இருக்கும். கிடைக்காவிட்டால் நாங்கள் திரும்பி வருகிற வரைக்கும் மழையை அளந்துகொண்டிருங்கள்.

ராஜகுமாரி

பி.கு.: இன்னும் கொஞ்சம் கோபம் பாக்கி இருக்கிறது. அதைத் தபாலில் அனுப்ப முடியவில்லை.


சிப்பிகாட்,
5 செப்டம்பர் 2012

அன்புள்ள ராஜகுமாரிக்கு,

உங்கள் அப்பா ராக்கப்பன், ராஜகுமாரி ஆகிய இருவருக்கும் 11ஆம் தேதி சென்னைக் கப்பலில் அடுக்குப் படுக்கை உள்ள பங்க் வகுப்பில் அடுத்தடுத்த இடம் உறுதி. ஆதாரம், என் சட்டைப் பையில் இருக்கும் இரண்டு டிக்கெட்டுகள். இதுவரை ஏழு தடவை எடுத்துப் பார்த்தேன்.

நடந்ததை வரிசைப்படி சொல்கிறேன். காலை ஐந்து மணிக்குப் போனேன். எனக்கு முன்னால் முப்பத்தோரு பேர். அதில் மனிதர்கள் பத்தொன்பது. மீதி கல், செங்கல், செருப்பு, ஒரு ஹெல்மெட், தண்ணீர் நிரப்பிய ஒரு பாட்டில். முதல் தடவையாக அவற்றை எண்ணிப் பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆள் எங்கேயோ டீ குடித்துக்கொண்டோ, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டோ இருக்கிறார் என்று தோன்றியது.

பத்தே கால் மணிக்கு எனக்கு முன்னால் ஒன்பது பேர். மூடியைத் தரையில் வைத்தேன். பின்னால் நின்றவர் மின்னி பே பகுதியில் குடியிருக்கும் சொர்ணம்மா என்ற அம்மாள். "பாத்துக்குங்கம்மா" என்று ஒரே தடவை சொன்னேன். அவர் மூடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "குக்கர் எங்க தம்பி, கப்பல்ல ஏறிடுச்சா?" என்றார்! எல்லோரும் சிரித்தார்கள். அந்த நகைச்சுவை எப்படி வலிக்கும் என்று இப்போது தெரியும்.

கடையில் கரண்ட் இருந்தது, ஆனால் எனக்கு முன்னால் ஒரு பள்ளிக்கூடத்தின் கேள்வித்தாள் முழுக் கட்டு. இருபத்தேழு நிமிடம். மூடியைப் பற்றித்தான் நினைத்தேன். இரண்டு தடவை ஓடிவிடலாம் என்று வாசல் வரை வந்தேன். தீர்ப்பை நினைத்துத் திரும்பினேன்.

ஜெராக்ஸோடு ஓடி வந்து நான் விட்ட இடத்தைப் பார்த்தேன். மூடி அங்கே இல்லை. ஜன்னல் விளிம்பிலும் இல்லை. சரி, கடைசிக்குப் போவோம் என்று திரும்பினேன். "அரே பாயி, எங்க போறீங்க? இங்க வாங்க!" என்று வரிசையின் முன்னாலிருந்து ஒருவர் கூப்பிட்டார். மூடி கவுன்டருக்கு இரண்டாவது ஆளாக இருந்தது. வரிசை நகர நகர, சொர்ணம்மா காலால் ஒவ்வொரு அடியாக முன்னால் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறார். நடுவில் ஒருவர் அதை ஓரமாக வைக்கப் பார்த்தாராம். "ஆள் இருக்குது அதுக்கு!" என்று பின்னால் ஆறேழு பேர் சத்தம் போட்டிருக்கிறார்கள்.

இரண்டு வருடமாகக் குழுவில் என்னால் தோற்கடிக்க முடியாத உங்கள் வாதம் இதுதான் என்று புரிந்தது. அதை நான் எண்பத்தெட்டாவது பதிலாக எழுதவில்லை. உங்களுக்குத்தான் முதலில்.

பிறகு நானும் போகவில்லை. டிக்கெட் எடுத்த பின் ஒரு மணி நேரம் அங்கேயே நின்று, ஒரு செங்கல்லையும் இரண்டு செருப்புகளையும் முன்னால் தள்ளிக் கொடுத்தேன். செருப்புக்காரர் வந்து எனக்கு டீ வாங்கித் தந்தார். அப்பாவிடம் சொல்லுங்கள், ஏற்றிவிடும் வேலை நடக்கிறது.

மூடியைத் துடைத்து வைத்திருக்கிறேன். கப்பலுக்கு முந்தின நாள், திங்கட்கிழமை, பஸ்ஸிலிருந்து நீங்கள் இறங்கும்போது அதைக் கையில் வைத்திருப்பவன்தான் நான். சட்டை புதிது.

இன்னும் உறுதியாகாதவை இரண்டு. ஒன்று, என் டிக்கெட்: காத்திருப்போர் பட்டியலில் எண் 4. வெள்ளிக்கிழமை, 7ஆம் தேதி மாலை நான்கு மணிக்குப் பலகையில் ஒட்டுவதாகக் கவுன்டரில் சொன்னார்கள். போன மாதக் கப்பலுக்கு ஆறாம் எண் வரை ஏறியதாகச் சொர்ணம்மா தகவல்; அது உறுதி செய்யப்படவில்லை. மற்றது, உங்கள் பதில். முதலாவது கிடைத்தால், 11ஆம் தேதி மதியம் இரண்டு மணிக்குக் கப்பல் கிளம்பியதிலிருந்து மூன்று நாளுக்குள் எதிர்பார்க்கப்படுகிறது.

அன்புடன்,
சுரேந்திரன்