ஒரே ஒரு சிவப்பு விளக்கு

ஹெலீனா, மொன்டானா
பிப்ரவரி, வாசலில் முழங்கால் அளவு பனி

மதிப்புக்குரிய ஆர்வில் அவர்களுக்கு,

சட்டசபையில் உங்கள் பக்கத்து நாற்காலிக்காரி மார்லிஸ் எழுதுவது. அரிசோனா வெயிலில், மகள் வீட்டில் சௌக்கியமா? மருத்துவர் உப்பைக் குறைக்கச் சொன்னதாக உங்கள் மகள் எழுதியிருந்தாள். நீங்கள் குறைக்கவில்லை என்றும். இங்கே நான் நலம். என் எடைதான் தொகுதி மக்களின் புகார்களைப் போல ஏறிக்கொண்டே போகிறது.

தேர்தலில் உங்களைத் தோற்கடித்த டெஸ்ஸா இப்போது உங்கள் நாற்காலியில் உட்காருகிறாள். அவளோடு பேசுவதில்லை என்று சபதம் எடுத்திருந்தேன். ஹக்கிள்பெர்ரிப் பழ ஜாம் கொண்டுவந்து அந்தச் சபதத்தைக் கெடுத்துவிட்டாள்.

நேற்று அவளுடைய முதல் மசோதா. புதியவரைச் சீண்ட எல்லோரும் முதலில் எதிர்ப்புக்கான சிவப்பு விளக்கைப் போட்டுவிட்டு, கடைசி நேரத்தில் ஆதரவுப் பச்சைக்கு மாற்றுவோமே, அந்தக் கூத்து இன்னும் நடக்கிறது. என் முதல் மசோதாவின்போது நீங்கள் எழுந்து, "அம்மணி, இந்தச் சட்டத்தால என் காளை மனசொடிஞ்சு போனா யாரு பொறுப்பு?" என்று கேட்டீர்கள். நான் அழுதே விட்டேன். கைக்குட்டை நீட்டியதும் நீங்கள்தான்.

டெஸ்ஸா கொண்டுவந்தது எது தெரியுமா? உங்கள் வில்லோ ஓடைப் பாலம். நீங்கள் ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் கொண்டுவந்து தோற்ற அதே பாலம். பாலம் இல்லாமல் பள்ளிப் பேருந்து மலையைச் சுற்றிப் போகும் கதையை உங்கள் பெயரைச் சொல்லியே பேசினாள். வாக்குப் பலகை முழுக்கச் சிவப்பானது. பிறகு ஒவ்வொன்றாகப் பச்சை. செலவுக்குப் பயந்தவர்கள் மட்டும் நிஜமாகவே சிவப்பில் நின்றுவிட்டார்கள். நானோ உங்கள் நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்ததில், என் விளக்கை மாற்ற மறந்துபோனேன். வாக்குகள் சரிசமம், பெரும்பான்மை இல்லாமல் மசோதா தோற்றது!

"ஏங்க மார்லிஸ், ஜாம் பிடிக்கலையா?" என்றாள் டெஸ்ஸா. சபையே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

மறுவாக்கெடுப்பு கேட்க, ஜெயித்த பக்கத்தில், அதாவது சிவப்பில், வாக்களித்தவருக்குத்தானே உரிமை? அந்தப் பக்கத்தில் பாலத்தை விரும்பிய ஒரே அசடு நான். எழுந்து கேட்டேன். சபாநாயகர், "இந்தத் தடவையாவது பாத்து அமுக்கும்மா" என்றார். பார்த்து அமுக்கினேன். என் ஒரு வாக்கு மாறியதில் நிறைவேறியது.

அடுத்து மேலவையில் விசாரணை. அந்த ஓடையைப் பற்றிச் சொல்ல உங்களைவிட யார் இருக்கிறார்கள்? டெஸ்ஸாதான் உங்களை அழைக்கச் சொன்னாள். பயணத்தை மருத்துவர் தடுத்திருக்கிறார் என்று உங்கள் மகள் எழுதிய வரியை நான் இன்னும் படிக்கவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். பனி உருகும் வரை விசாரணையைத் தள்ளிப்போட, எத்தனை மொக்கைக் கேள்வி வேண்டுமானாலும் கேட்கும்படி மேலவை நண்பர்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன். உங்கள் காளையிலிருந்தே ஆரம்பிக்கப் போகிறார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொண்டு, வந்து சேருங்கள்.

உங்கள் கைக்குட்டையை இன்னும் திருப்பித் தராத,
மார்லிஸ்